ஓகே சொன்ன மோடம்

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் எங்கள் ஆலை வாட்ச்மேன்கூடச் சிரிப்பார். ஆனால் போன வாரம் ஆரணியில் இருக்கும் எங்கள் கிளைப் பட்டறையில் கடைசி டயல்-அப் மோடத்தைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியபோது ஒரு வேலையிலிருந்து நான் முழுதாக ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எங்கள் கம்பெனியில் எல்லா இடத்திலும் பிராட்பேண்ட். ஏழு வருடம் நான் தேடி, சோதித்து, தூசி தட்டி வைத்திருந்த பெட்டிகளுக்கு வேலை இல்லை.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிரபு அந்த மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, ரேடியோவா?" என்றான். அவனோடு சேர்ந்த சுமதி விவரமான பெண். "மோடம் வாங்கறதுன்னா கடைக்குப் போனா குடுக்கப் போறாங்க. அதுக்கா ஸ்டோர்ல உங்க பேர்ல தனி ஃபைல் கீது?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. வாயால் சொன்னால் பாதியில் டீ வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. நைனாவும் அண்ணன்களும் ஏரியில் இறால் பிடிப்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். பிறகு பொன்னேரியில் படிப்பு, ஒரு டிப்ளமோ, கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு மாதம். இந்தக் கதைக்கு அதில் தேவையானது ஒன்றுதான். எட்டு வயதிலிருந்தே எங்கள் குப்பத்துக்கு வரும் காகிதத்தையெல்லாம் படித்துச் சொல்பவன் நான். ரேஷன் கடை நோட்டீஸ், மீன்வளத் துறைக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, மருந்து அட்டை, எல்லாம் என்னிடம் வரும். கையால் எழுதியிருந்தால் நைனா கொஞ்சம் சந்தேகப்படுவார். அச்சில் இருந்தால் பேச்சே இல்லை. "அச்சுல போட்டுக்கீதுடா, அப்புறம் இன்னா?" என்பார். அந்த நம்பிக்கை எனக்கும் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அச்சடித்தவன் யோசிக்காமலா அடித்திருப்பான் என்று நினைப்பேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்புகளுக்கான இரும்புப் பாகங்கள் வார்க்கும் இந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம். அதன் முடிவில் நிரந்தரக் கடிதம் கிடைக்கும், அல்லது கிடைக்காது.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாளி எல்லோரையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் பதினோரு கம்ப்யூட்டரிலும் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸுக்கு முறையான உரிமம் கிடையாது. யாரோ நண்பர் போட்டுக் கொடுத்தது. அது சரியில்லை, ஒன்று எல்லாவற்றுக்கும் உரிமம் வாங்க வேண்டும், இல்லை வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். நான் கையைத் தூக்கினேன். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும், யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம் என்றேன். "உன்னால மாத்த முடியுமா?" என்று கேட்டார். "முடியும் சார்" என்றேன். அந்தப் பதிலை வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

உண்மையில் மாற்றினேன். இரண்டு வாரத்தில் பதினொன்றும் லினக்ஸ். கணக்கு, கடிதம், பிரிண்டர் எல்லாம் ஓடியது. ஓடாதது ஒன்றே ஒன்று, மோடம்.

இதைச் சுமதி தலைமுறைக்கு விளக்க வேண்டும். மோடம் என்பது கம்ப்யூட்டரின் பேச்சை டெலிபோன் கம்பியில் போகிற சத்தமாக மாற்றுகிற கருவி. எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் இருந்தது மலிவான அட்டை மோடம். அதற்குச் சொந்தமாகப் பாதி மூளைகூடக் கிடையாது. வேலையை விண்டோஸ் செய்யும், பெயரை அது வாங்கிக்கொள்ளும். விண்டோஸை எடுத்ததும் வெறும் தகரமாகிவிட்டது. லினக்ஸில் ஓட வேண்டுமென்றால் தன் வேலையைத் தானே செய்யத் தெரிந்த மோடம் வேண்டும். இது எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அரைகுறைதான் ஆபத்து.

மோடம் இல்லையென்றால் ஏன் அவ்வளவு பதற்றம்? எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் ஒரு பம்பு ஆலை. லாரி அவர்கள் கேட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சரக்கின் சோதனைச் சான்றிதழ் இமெயிலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரியை உள்ளே விடமாட்டார்கள்.

பொருள் வாங்குவது காதர் சார் பொறுப்பு. ஸ்டோரும் பர்ச்சேஸும் அவர்தான். பழவேற்காட்டில் பரம்பரையாக வியாபாரம் செய்யும் குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லாம் கடையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சம்பளத்துக்கு வந்தவர். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு பச்சைப் பேனா. கம்பெனிக்குள் வரும் எந்தப் பொருளையும் உட்கார்ந்துகொண்டு பார்க்கமாட்டார், எழுந்து நிற்பார். தானே பயன்படுத்திப் பார்க்காமல் வரவுச் சீட்டில் பச்சைப் பேனா படாது. உலைக்குக் கையுறை வந்தால் தன் கையில் மாட்டிக்கொண்டு கொதிக்கிற டீ டம்ளரைத் தூக்கி, மனசுக்குள் பத்து எண்ணுவார். துடைப்பம் வந்தால் தன் அறையைப் பெருக்குவார். ஒருமுறை புது ஸ்ட்ரெச்சர் வந்தபோது அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, இரண்டு பேரைத் தூக்கச் சொல்லி ஆலையை ஒரு சுற்று வந்தார். வழியில் பார்த்தவர்களெல்லாம் பதறி ஓடி வந்தார்கள். இறங்கி, "எடது கால் பக்கம் கித்தான் தொங்குது, மாத்திக் குடு" என்றார்.

நான் கேட்ட நாலு மோடம் வந்த அன்றும் எழுந்து நின்றார். ஆலைக்கு ஒன்று, ஆரணிக்கு ஒன்று, ஊத்துக்கோட்டை சாலை கிடங்குக்கு ஒன்று, கைவசம் ஒன்று. பளபளவென்ற பெட்டி. மூலையில் பென்குயின் படம், பக்கத்தில் லினக்ஸ் என்று பெரிய எழுத்தில். அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இத்த எப்டிப் போட்டுப் பாக்கறது தம்பி?" என்றார் காதர் சார்.

"பாக்கவே வாணாம் சார். பெட்டியிலேயே போட்டிருக்கான், லினக்ஸுன்னு."

"அட்டையில போட்டிருந்தா?"

"அச்சடிச்சிருக்கான் சார்."

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கம்ப்யூட்டரு உன் சரக்கு. எனுக்குத் தெரியாது. சோதிச்சு ஏத்துக்கினோம்னு நீ எழுதிக் கையெழுத்துப் போடு. உன் கையெழுத்துக்குக் கீழ நான் போடறேன்" என்றார். போட்டேன். அவரும் போட்டார், பச்சையில். அவர் ஸ்டோரில் சோதிக்காமல் பச்சைப் பேனா எடுத்தது அந்த ஒருமுறைதான் என்று பிறகு சொன்னார்கள்.

அட்டையைச் சொருகினேன். கூட வந்த சிடியைப் போட்டேன். பெட்டியில் அச்சடித்தது பொய்யில்லை. அந்த மோடம் லினக்ஸில் ஓடும், ஆனால் லினக்ஸின் ஒரே ஒரு பழைய பதிப்பில் மட்டும். நாங்கள் போட்டிருந்தது அதற்கடுத்தது. மூன்று நாள் முட்டினேன். பெட்டியை அடியில் திருப்பினால், கடுகை விடச் சின்ன எழுத்தில் அந்தப் பதிப்பின் எண் இருந்தது. குப்பத்துக் காகிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவன் என் சொந்தப் பெட்டியின் அடியைப் படிக்கவில்லை.

நாலாம் நாள் காதர் சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பீரோவைத் திறந்து அந்த வரவுச் சீட்டை எடுத்தார். சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அடி."

"சார்?"

"உன் கையெழுத்த நீயே அடி. அப்பால எங்கையெழுத்தயும் அடி. பதினெட்டு வருசத்துல இந்த ஸ்டோர்ல எங்கையெழுத்து மேல கோடு விழுந்ததில்ல."

அடித்தேன். கோடு நேராக வரவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு காலிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் துண்டுச் சீட்டுகளைப் போட்டு மேசையில் வைத்தார். அவர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் பென்குயின் என்னைப் பார்க்கும்.

இதற்கிடையில் சான்றிதழ் போக வேண்டுமே. அதை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வருவேன். ஆலையில் எல்லோரும் என்னை ஃப்ளாப்பி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வழியில் வெயிலும் தூசியும் பட்டு ஃப்ளாப்பி திறக்கவில்லை. நான் திரும்பி ஓடிவந்து வேறு எடுத்துக்கொண்டு போவதற்குள் லாரி அந்த கேட்டில் நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஏழுமலை, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இங்கேருந்து மெயில் போகலேன்னா எல்லாத்தையும் பழையபடி மாத்திடலாம். உரிமம் வாங்கிக்கிறேன். உன் ஆறு மாசமும் அன்னியோட முடியுது, இல்லையா?" என்றார். நிரந்தரக் கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நைனா விசாரித்தார். விளக்கினேன். நல்ல மோடம் என்றால் ஏ, டி என்று இரண்டு எழுத்து அடித்தால் போதும். நான் இருக்கிறேன் என்று அது ஓகே சொல்லும். கெட்டது வாயைத் திறக்காது என்றேன். நைனா வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்போ வாங்கறதுக்கு முன்னியே கடையிலயே அத்த பேச வெச்சிப் பாக்க வேண்டிதான?"

"பெட்டியில அச்சுல போட்டிருந்துச்சி நைனா."

"ஓ, அச்சுல போட்டுக்கீதா. அப்ப சரி" என்று அவரும் உடனே சமாதானமாகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தூக்கமும் வந்தது. காலையில் எழுந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருந்தது.

காதர் சாரிடம் ஒரு தாள் கொடுத்தேன். வாங்கும் மோடத்துக்கு மூன்று நிபந்தனை. ஒன்று, அதற்குச் சொந்தமாக மின்சாரம் வேண்டும், சுவரில் சொருகும் அடாப்டரோடு வர வேண்டும். சொந்தச் சோறு சாப்பிடுகிற மோடம்தான் பெரும்பாலும் சொந்த வேலை செய்யும். இரண்டு, கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் ஒன்பது முள் சீரியல் இணைப்பில் சேர வேண்டும். மூன்று, நாம் ஏ, டி அடித்தால் அது நம் கண்முன்னே ஓகே சொல்ல வேண்டும், நம்ம லைனில் டயலும் பண்ணிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வரவுச் சீட்டு. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில் சேராது.

காதர் சார் தாளை இரண்டு முறை படித்தார். "கடேசி வரி நீயா எழுதன?"

"ஆமா சார்."

"வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு மூணு பேரையும் இங்க வரச் சொல்றேன். எடுத்துக்கினு வந்து ஓட்டிக் காட்டட்டும்."

மூன்று பேர் என்றது எங்கள் கம்பெனிச் சட்டம். எதை வாங்கினாலும் ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும். இரண்டு பேர் நிஜமாகவே சென்னையிலிருந்து விற்பவர்கள். மூன்றாவது, எண்ணிக்கைக்காக. கம்ப்யூட்டர் சாமான் என்றால் அந்த மூன்றாவது தாளை வழக்கமாகப் பொன்னேரியில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்த ஜெயந்தி அக்காவிடம் வாங்குவார்கள். அவரிடமிருந்து யாரும் எதையும் வாங்கியது கிடையாது.

வியாழக்கிழமை வரவேற்பறையில் மேசை போட்டு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்தேன். வெளிலைன் அங்கேதான் இருந்தது, டெலிபோன் ஆபரேட்டர் லலிதா அக்காவின் போர்டில். மூன்று வியாபாரிகளும் வந்துவிட்டார்கள். கணக்குப் பிரிவிலிருந்து நாலு பேர், சும்மா பார்க்க வந்தவர்கள் ஆறு பேர். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது.

ஜெயந்தி அக்காவுக்குக் குழப்பம். "எதுக்கு சார் ஆளு வரச் சொன்னீங்க? எப்பவும் லெட்டர்பேடுல ஒரு பேப்பரு தான கேப்பீங்க? கடைய மூடிட்டு வந்துகீறேன்."

"ஒரு நாளு மூடும்மா. டீ குடி" என்றார் காதர் சார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஒம்பது மணிக்கே லாரிய உட்டுட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எந்த லாரி சார்?"

"ஊத்துக்கோட்ட வழியா போற நம்ம லாரிதான். சர்டிபிகேட்டு இன்னிக்கு இங்கேருந்துதான் போவுது. கையொறைய மாட்டிக்கினு ஆறிப்போன டம்ளரத் தூக்கிப் பாத்து இன்னா பிரயோஜனம்?"

"சார், டவுன்ல இன்னிக்கு மாசாந்திர பவர் கட்டு. பிரவுசிங் சென்டர் தெறக்காது!"

"தெரியும். அதான் வியாழக்கெழமன்னு சொன்னேன்."

லாரி அந்த கேட்டைத் தொட மூன்று மணி நேரம் ஆகும். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது.

முதல் வியாபாரி கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். மூலையில் பென்குயின். "சார், இது ப்யூர் லினக்ஸ் மோடம். பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காதர் சார்தான் பேசினார். "பெட்டியத் தள்ளி வெய்யிப்பா. உள்ள இருக்கறத பேசச் சொல்லு."

நிபந்தனை ஒன்றும் இரண்டும் அதனிடம் கிடையாது. இருந்தாலும் வந்த ஆளை அவமதிக்க வேண்டாம் என்று சொருகிப் பார்த்தேன். கறுப்புத் திரையைத் திறந்து ஏ, டி அடித்து என்டரைத் தட்டினேன். அடித்த இரண்டு எழுத்துகூடத் திரையில் வரவில்லை. மறுபடி அடித்தேன். மௌனம்.

இரண்டாம் வியாபாரி டை கட்டியவர். அவருடையது உள்ளங்கை அளவு, நீல நிறம், வெளியே வைக்கிற மோடம். "வெளில இருந்தா ஓடும்னு கேள்விப்பட்டேன்" என்றார். நானும் ஒரு நொடி நம்பினேன். ஆனால் அதற்கு அடாப்டர் இல்லை. யூ.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரிடமே மின்சாரம் வாங்கியது. வீட்டுக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சோறு நம் வீட்டுச் சோறுதான். ஏ, டி அடித்தேன். அதுவும் வாய் திறக்கவில்லை.

"அடுத்தது நீதாம்மா" என்றார் காதர் சார்.

ஜெயந்தி அக்கா துணிப்பையிலிருந்து எடுத்தது டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்தது. வெளுத்துப்போன சாம்பல் நிறம். முன்னால் வரிசையாகச் சின்ன விளக்குகள். கூடவே செங்கல் மாதிரி கனமான ஓர் அடாப்டர், தடித்த சீரியல் ஒயர். பெட்டி என்று ஒன்று இருந்தது, அதன் மேல் பழைய விண்டோஸ்களின் பெயர்தான் இருந்தது. லினக்ஸ் என்ற சொல் எந்த மூலையிலும் இல்லை. நான் இந்த முறை அடியையும் திருப்பிப் பார்த்தேன்.

"தூசிய பாக்காதீங்க. நம்ம பூத்துலயே ஓட்டிக்கினு இருந்தேன். ஸ்பீடு கம்மிதான். ஆனா இடி இடிச்சாலும் லைன உடாது" என்றார்.

கூலிங்கிளாஸ்காரர் சிரித்தார். "இதப் போயி மியூசியத்துல வெய்ங்க."

ஒயரைச் சொருகினேன். விளக்குகள் ஒன்றொன்றாக எரிந்தன. ஏ. டி. என்டர்.

திரையில், அடுத்த வரியில், ஓகே.

யாரோ விசில் அடித்தார்கள். "பேசிடுச்சிடா!" என்று கணக்குப் பிரிவு கத்தியது. நான் மறுபடி அடித்தேன், மறுபடி ஓகே. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் ஓகே என்றது. காதர் சார் பச்சைப் பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. "டயல் பண்ணு" என்றார்.

போட்டேன். மோடம் ஒரு முறை கிளிக் என்றது. சில நொடி சும்மா இருந்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது: நோ டயல்டோன்.

மறுபடி போட்டேன். நோ டயல்டோன். ஒயரை மாற்றினேன். அதே வரி. அந்த நேரம் பார்த்து முதலாளி படியிறங்கி வந்து ஒரு ஓரமாக நின்றார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. லாரி ஊத்துக்கோட்டையைத் தாண்டியிருக்கும். டை கட்டியவர் தன் நீல மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டே, "லினக்ஸ்னா இதான் சார் பிரச்சனை" என்றார்.

"லைனு செத்துப்போச்சாக்கா?" என்று லலிதா அக்காவைக் கேட்டேன்.

"ஏன் செத்துப் போவுது? இப்பதான ஐயா மெட்ராஸுக்குப் பேசனாரு." ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். உள்ளே டயல்டோன் நீளமாக வரவில்லை. விட்டு விட்டு, விக்கல் மாதிரி வந்தது.

"டோனு விட்டு விட்டு வருதேக்கா!"

"இந்தப் போர்டு வெச்ச நாள்லருந்து அப்டித்தான். இந்த டோனு நேரா வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரு காலு போவாது ஏழுமல. நான் எங்க கேக்கறேன்? ரிசீவரத் தூக்கனமா, நம்பரப் போட்டமான்னு போய்க்கினே இருப்பேன்."

மோடத்தின் மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒழுங்காக டோன் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. விக்கலை டோன் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய விண்டோஸில் டோனுக்குக் காத்திராதே என்று யாரோ எப்போதோ அமைத்து வைத்திருக்கிறார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அதையே மோடத்துக்கு நேரடியாகச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. எக்ஸ், மூன்று. நோட்டில் எழுதி வைத்திருந்தேன், எதற்கென்று அதுவரை புரியாமல்.

ஏ, டி, எக்ஸ், மூன்று. ஓகே. வெளிலைனுக்குப் பூஜ்யம், லலிதா அக்கா விடுகிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி, பிறகு எண். என்டர்.

மோடம் காத்திருக்கவில்லை. டக டகவென்று எண்ணைப் போட்டது. மறுமுனையில் மணி. பிறகு அந்தச் சத்தம். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. கீச்சென்று, கரகரவென்று, இரண்டு பேர் சண்டை போட்டு உடனே சமாதானமாகிற மாதிரி. ஒரு சின்ன விளக்கு எரிந்து அப்படியே நிலைத்தது. திரையில்: கனெக்ட்.

நான் கத்தவில்லை. வேலை பாக்கி இருந்தது. அந்தக் கட்டளையை டயல் செய்யும் நிரலில் எழுதிச் சேமித்து, இணையத்தில் நுழைந்து, சான்றிதழை இணைத்து அனுப்பினேன். பழைய மோடம், மெதுவாகத்தான் போனது. சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதை எல்லோரும் நின்று பார்த்தோம். போய்விட்டது என்று வந்ததும் லைனைத் துண்டித்தேன். லலிதா அக்கா உடனே அந்த ஆலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வச்சிந்தி, வச்சிந்தி" என்று தெலுங்கில் குரல் வந்தது. "சர்டிபிகேட்டு வந்திச்சி. லாரி எக்கட?"

"லாரி இன்னும் வரலியா?" என்று கத்தினார் லலிதா அக்கா. "பாத்தீங்களா, நம்ம பேப்பரு லாரியவே முந்திக்கினு போய்க்கீது!"

அறையே அதிர்ந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் என் முதுகில் அறைந்ததில் இரண்டு நாள் வலித்தது. அன்றோடு ஃப்ளாப்பி என்ற பெயர் போனது. முதலாளி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நாலு வாங்குங்க." ஜெயந்தி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெஜமாவா? எங்கிட்டயா?" என்று மூன்று முறை கேட்டார். கையில் இரண்டுதான் இருந்தது, மீதி இரண்டைத் தம்பி கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனி மூன்றாவது தாளுக்கு வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

காதர் சார் மேசைக்கு வந்தார். என்னை எழுந்திருக்கச் சொன்னார். உட்காரவில்லை, நின்றபடியே ஒற்றை விரலால் ஏ அடித்தார், டி அடித்தார், என்டரைத் தட்டினார். ஓகே வந்தது. பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே என் கையெழுத்து. அந்த வரவுச் சீட்டுதான் சுமதி பார்த்த ஃபைலின் முதல் தாள்.

மோடம் வந்ததும் புதுச் சண்டையும் வந்தது. லைன் ஒன்று, பிரிவு மூன்று. நான்தான் முதலில் என்று தினமும் தகராறு. எங்கள் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்போம், பாடு என்று பெயர். அதையே இங்கே கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலை லலிதா அக்கா சீட்டுக் குலுக்குவார், காதர் சாரின் பென்குயின் பெட்டியில்தான். அந்த வாரம் முழுக்க அந்த முறை. சண்டை ஓய்ந்தது. அந்தப் பெட்டியும் ஒரு வழியாக வேலைக்கு வந்தது.

அடுத்த புதன்கிழமை நிரந்தரக் கடிதம் கையில் கொடுத்தார்கள். கம்பெனி முத்திரை, என் பெயர், எல்லாம் பளிச்சென்று அச்சில். நேராக ஸ்டோருக்குப் போய்க் காதர் சாரிடம் நீட்டினேன். அவர் எழுந்து நின்று படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அச்சுல போட்டிருக்குதுன்னு நம்பிட்டியா?"

"இல்ல சார். ஒண்ணாந்தேதி நிரந்தரச் சம்பளம் கைக்கு வந்தப்புறந்தான் ஊட்ல சொல்லப் போறேன்."

ஸ்டோரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சொன்னபடியே செய்தேன். ஒன்பது நாள் அந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒன்றாம் தேதி சாயங்காலம் குப்பத்துக்குப் போய், சம்பளக் கவரையும் கடிதத்தையும் நைனா கையில் கொடுத்தேன். அவர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். தேதி என்ன என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"ஒம்போது நாளா வெச்சிக்கினா இருந்த? ஏண்டா சொல்லல?"

"டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேம்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. நைனா மட்டும் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஓகே சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சி நைனா."